மாதப்பனுக்குக் கொடுத்த கூந்தல்

காளியப்பன் தும்மினால் நாச்சம்மாள் ஒருவேளைச் சோற்றைத் தள்ளிவைப்பாள். இருமினால் இரண்டு வேளை. அவன் கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டு வந்து நின்றால், மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் தன் பங்குச் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவாள். திங்கட்கிழமை ஊர்ப்பக்கத்து மலைச்சாமி மாதப்பனுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, அமாவாசை இருவருக்கும் பொதுவாக என்று வழக்கமான விரதங்கள் தனி. அவை போக, கணவனுடைய உடம்பில் எங்கே என்ன கோளாறு தோன்றினாலும் அதற்கான அபராதத்தைத் தன் வயிற்றிலிருந்து வசூலித்துக் கொடுப்பது, கல்யாணமான நாள்முதல் அவளுக்குப் பழகிப்போன ஏற்பாடு.

“என்ற மூக்கு ஒழுகறதுக்கு உன்ற வயிறு என்ன புள்ளே தப்புப் பண்ணுச்சு?” என்று காளியப்பன் கேலி செய்வான்.

“அது எனக்கும் மாதப்பனுக்கும் உள்ள பேச்சு. நீங்க கம்முனு சாப்பிடுங்க,” என்பாள் அவள்.

இருவரும் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து குடியேறியவர்கள். காளியப்பனுக்கு மார்க்கெட்டில் புளிக்கடை. அவர்கள் குடியிருந்த தெருவில் ஒரு சாரியில் மேல்கோட்டை வழிவந்த வைஷ்ணவர்களின் வீடுகள். இவர்கள் இருந்த சாரியில் வியாபாரிகளும் பால்காரர்களும். தெரு மிகவும் குறுகல். ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள்; நாச்சம்மாளின் விரதங்களில் சில அப்படியும் வந்தவை.

நாடு குடியரசான அந்த வருஷத்துக் கோடையில் காளியப்பன் விஷக்காய்ச்சலில் விழுந்தான். ஒருவேளைப் பட்டினிக்கெல்லாம் மசிகிற காய்ச்சலாக அது இல்லை. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாச்சம்மாளின் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார். அன்று அவள் தன் கூந்தலை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு, மாதப்பன் மலை இருந்த திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். முழங்காலைத் தொடுகிற கூந்தல். வெள்ளிக்கிழமைகளில் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு அவள் அதை உலர்த்துகையில், எதிர்ச்சாரிப் பெண்கள் ஜன்னலோரம் வந்து நிற்பதுண்டு.

“மாதப்பா, பட்டினியெல்லாம் உனக்குப் பத்தலை போல. இதை எடுத்துக்க. அவரை உட்டுரு,” என்றாள்.

காளியப்பன் பிழைத்தான். ஆடி அமாவாசைக்கு இருவரும் கொள்ளேகாலம் வரை பஸ்ஸில் போய், அதற்குமேல் காட்டுவழியே நடந்து மாதப்பனின் மாதேஸ்வரன் மலை ஏறினார்கள். மலையில் நாவிதன் ஒருமுறைக்கு இருமுறை, “முழுசாவா அம்மா? ஒரு கத்தை கொடுத்தாலும் சாமி ஏத்துக்கும்,” என்று கேட்டான்.

“அரை உசுரா கேட்டேன்? முழுசாத்தான்,” என்று அவள் தலையைக் குனிந்தாள்.

திரும்பி வருகையில் அவள் தலையை மூடிக்கொள்ளவில்லை. சந்தனம் பூசிய தலை வெயிலில் மின்ன, பக்கத்தில் எலும்பும் தோலுமாக, ஆனாலும் உயிரோடு நடந்துவந்த கணவனை ஊருக்கே காட்டிக்கொண்டு வருபவள்போல வந்தாள். அந்த நடையில் இருந்த பெருமையை எதிர்ச்சாரி கவனிக்கவில்லை. தலையைத்தான் கவனித்தது.

ஆவணியில் வரலட்சுமி நோன்பு வந்தது. நாச்சம்மாளின் ஊரில் அந்த நோன்பு கிடையாது. இந்தத் தெருவுக்கு வந்த பிறகு அவள் விரும்பி எடுத்துக்கொண்டது. தெருவிலேயே மூத்த சுமங்கலி பத்மாஸினி. அரண்மனைக் கச்சேரியில் எழுத்தராக இருந்த திருநாராயணனின் மனைவி. அவள் வீட்டுக் கூடத்தில் கலசம் வைப்பார்கள். நோன்பு இருக்கிற பெண்கள் காலைமுதல் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் இருந்து, பூஜை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து பலகையில் உட்காருவார்கள். பத்மாஸினி வலது மணிக்கட்டில் மஞ்சள் சரடு கட்டுவாள். சரடு கட்டிக்கொண்டவள் தான் கொண்டுவந்த தாம்பூலத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி நோன்பை முடிப்பாள். வருஷாவருஷம் காளியப்பனின் ஆயுளுக்கு நாச்சம்மாள் போட்டுக்கொண்ட முடிச்சு அந்தச் சரடு. இந்த வருஷம், எமன் வாசல்வரை வந்துபோன வருஷம், அது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் முறை வந்தது. தாம்பூலத் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சரடோடு வந்த பத்மாஸினியின் கை பாதியில் நின்றது.

“உனக்கு இன்னிக்கு வேண்டாம், நாச்சம்மா. முடி முளைக்கட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“ஏனுங்கம்மா? வேண்டுதலைக்குத்தானுங்களே எடுத்தேன்?”

“வேண்டுதலோ என்னவோ. இந்தக் கோலத்தோட சுமங்கலிகள் நடுவுல உக்காரப்படாது. எங்களுக்கெல்லாம் ஆகாது. எழுந்துக்கோ. பின்கட்டு வழியா வா, பிரசாதம் தரச் சொல்றேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பங்கஜவல்லி, அடுத்த வீட்டுக்காரி, புதிதாகக் கல்யாணமானவள். பயத்தில் சிரித்தாளோ கொழுப்பில் சிரித்தாளோ, சிரிப்பு சிரிப்புத்தான்.

நாச்சம்மாள் பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவேயிருந்த இருட்டில் ஸரஸா நின்றுகொண்டிருந்தாள். திருநாராயணனின் தங்கை. பூப்பதற்கு முன்பே கணவனை இழந்து, தலை மழிக்கப்பட்டு, நார்மடிப் புடவையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு அந்த வீட்டிலேயே வயதாகிப்போனவள். பண்டிகை நாட்களில் கூடத்துக்கு வர அவளுக்கு அனுமதி இல்லை. பின்கட்டு வழி என்பது யாருடைய வழி என்று நாச்சம்மாளுக்கு அப்போது விளங்கியது.

மயில் வருஷத்துக்கு ஒருமுறை தோகையை உதிர்க்கும். அப்படி உதிர்த்த மயில் ஒன்று கோழிகள் மேய்கிற இடத்துக்கு வந்ததாம். “நீ யார்?” என்றன கோழிகள். “மயில்தான்,” என்று அகவிக் காட்டியது. “குரல் சரியாக இருக்கிறது. ஆனால் தோகை இல்லையே. வேலிக்கு அந்தப் பக்கம் போய் மேய்ந்துகொள்,” என்றனவாம். தோகையோடு இருக்கையில் கோபம் வந்திருந்தால் அந்த மயில் விரித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கும். இல்லாததால் கொத்தியது.

நாச்சம்மாளும் கொத்தினாள். குரலை உயர்த்தாமல், உட்கார்ந்த பலகையை விட்டு எழாமல்.

“அப்ப நான் தாலியறுத்தவங்கறீங்க.”

“நான் அப்படிச் சொல்லலே.”

“வாயில சொல்லலீங்க. கையில சொன்னீங்க. சரி, நான் அறுத்தவன்னா என்ற ஊட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு. செத்தவர் கடையிலதானுங்க முந்தாநாள் புளி வாங்கியாந்தீங்க? உங்க ஊட்டு எசமாங்க நின்னு பேரம் வேற பேசுனாராமா. பொணத்துகிட்டப் பேரம் பேசி வாங்குன புளி, லட்சுமிக்குப் புளியோதரையா வந்து நிக்குது. நல்லா மணக்குதுங்க.”

பத்மாஸினியின் முகம் சிவந்தது.

“நாக்கை அடக்கிப் பேசு. நல்ல நாளும் அதுவுமா…”

“நல்ல நாளுன்னுதானுங்க காலைலருந்து நாக்கை நனைக்காம வந்தேன்.” அவள் எழுந்து தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “இது உங்களுக்குன்னு கொண்டாந்த தட்டு. நீங்க இதை வாங்கி, அந்தச் சரட்டை இந்தக் கையில கட்டற வரைக்கும் என்ற பல்லுல பச்சத்தண்ணி படாது. சொல்லிப்போட்டேன்.”

வந்த வழியே, முன்வாசல் வழியேதான் வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்தவுடன் பக்கத்து வீட்டு மல்லம்மா ஓடிவந்தாள். எதிர்ச்சாரி வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறவள், கன்னடக்காரி. எந்தச் சண்டையும் அவளுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

“அய்யோ தேவரே, நீ எதுக்கு அவங்ககிட்டப் போகணும்? நான் முத்தைதெ, சுமங்கலி இல்லவா? என் கண்டன், என் புருசன், உசுரோட இல்லவா? கையை நீட்டு, நான் கட்டறேன். கட்டிட்டு ஒரு வாய் சாப்பிடு, வா.”

“நீ கட்டுனா எனக்குச் சந்தோசந்தான் மல்லம்மா. ஆனா நாளைக்கு என்ன பேசுவாங்க? ‘அங்க ஆகலைன்னதும் பால்காரிகிட்டக் கட்டிக்கிட்டா’ம்பாங்க. அப்ப அவங்க சொன்னது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எந்தக் கை கட்டமாட்டேன்னு சொல்லுச்சோ அந்தக் கைதான் கட்டணும்.”

“அது கட்டலைன்னா?”

மறுநாள், சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் பத்மாஸினி கலசத்தை நகர்த்தி வைத்துவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும். கலசம் நகர்ந்த பிறகு கட்டினால் அது சரடு இல்லை. மஞ்சளில் நனைத்த வெறும் நூல்.

காளியப்பன் வந்து கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் அவ்வளவு கோபக்காரன் இல்லை. புளி வியாபாரத்தில் கோபப்பட்டால் கட்டுப்படியாகாது. அன்று அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

“இரு. நான் போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்.”

“நீங்க போகாதீங்க. நான் இன்னும் பேசி முடிக்கலை.”

“பேசாம பட்டினில்ல கெடக்கறே?”

“அதுதான் பேச்சு.”

இரவு அவனை மட்டும் சாப்பிட வைத்துவிட்டுப் படுத்தாள். வயிறு எரிந்தது. எத்தனையோ பட்டினிகளை அறிந்த வயிறு அது. இந்தப் பட்டினி புதிதாக இருந்தது. இதுவரை இருந்ததெல்லாம் காளியப்பனின் மூக்குக்கு, முதுகுக்கு, மூச்சுக்கு. இது தனக்கு. தனக்கென்று ஒருவேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எண்ணத்தோடு சேர்ந்து, இருட்டில் நின்ற ஸரஸாவின் முகமும் வந்தது. ஏகாதசிக்கு ஏகாதசி தண்ணீர்கூடத் தொடாமல் கிடப்பவள். அந்தப் பட்டினி யாருக்காக என்று தெருவில் ஒருவரும் கேட்டதில்லை, தானும் கேட்டதில்லை. கோபம் தணிவதற்குப் பதில் இன்னும் ஒரு பிடி கூடியது.

மறுநாள் காலையில் காளியப்பன் மனைவியின் பேச்சைக் கேட்கவில்லை. எதிர்வீடான பத்மாஸினி வீட்டு வாசலில் போய் நின்றான். கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. பாயில் படுத்திருந்த நாச்சம்மாளுக்கு எல்லாம் கேட்டது.

“சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங்க. நான் இருக்கறனுங்களா, போயிட்டனுங்களா?”

திருநாராயணன் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். “இருக்கேள், இருக்கேள். உள்ளே வாங்கோ,” என்றார்.

“வரலீங்க. இருக்கறனா இல்லையான்னு தெரியாம உள்ள வந்து தீட்டாயிருச்சுன்னா வம்பு. அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க. சொல்றவரைக்கும் கடையும் தொறக்கலீங்க. செத்தவன் எப்படிங்க கடை தொறப்பான்?”

அவன் திரும்பி வந்து, தன் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. எதிர்ச்சாரி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சற்றுநேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலைத் தெரு அதுவரை கேட்டதில்லை. பேசிப் பழகாத தொண்டையிலிருந்து வந்ததால் முதலில் கரகரத்து, பிறகு தெளிந்தது. ஸரஸா பேசினாள்.

“இன்னிக்குத் தளிகை நான் பண்ணப்போறதில்லே, மன்னி.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லே. நேத்திக்குப் புளியோதரை யார் கிளறினா? நான். மடியா ஜலம் யார் சேந்தினா? நான். லக்ஷ்மிக்கு நைவேத்தியம் பண்றதுக்கு இந்த மொட்டைத் தலை வேணும். கூடத்துல உக்காந்து கையை நீட்ட மட்டும் மொட்டைத் தலை ஆகாது. ஆத்துக்காரனுக்காகத் தானே முடியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்திருக்கா அவ. என்னை யாரும் கேக்கலே. நாலு பேர் பிடிச்சு உக்காத்தி வெச்சு மழிச்சா. ரெண்டையும் நீங்க ஒண்ணாக்கினேளே, மன்னி. அவளைப் பின்கட்டுக்குப் போன்னு சொன்னப்போ என் மூஞ்சியப் பாத்தேளா?”

“ஸரஸா, மெதுவாப் பேசு. தெருவே கேக்கறது.”

“கேக்கட்டும். நான் பேசினது தெருவுக்குத் தெரியாமலே எனக்கு நரைச்சாச்சு.”

நாச்சம்மாள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டாள். அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள்.

உச்சிவேளைக்குப் பால் பாத்திரத்தை எடுக்கப் போயிருந்த மல்லம்மா, புடவையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

“கேட்டியா நாச்சம்மா. அந்தம்மாவே அடுப்பு மூட்டி அன்னம், சாறு, அதான் உங்க ரசம், எல்லாம் பண்ணியிருக்காங்க. ஐயங்காரு இலை முன்னாடி உக்காந்தாரு. சாறு ஊத்தப் போனாங்க. கையைக் குறுக்க வெச்சு, ‘இது எந்தக் கடைப் புளி?’ன்னாரு. ‘வேற எது, காளியப்பன் கடைதான்’னாங்க. ‘செத்தவன் கடைப் புளி எனக்கு வேண்டாம்’னு எழுந்துட்டாரு. கை அலம்பிட்டுப் போய் ஊஞ்சல்ல படுத்துக்கிட்டாரு. நாத்தனாரும் சாப்பிடலை, கண்டனும் சாப்பிடலை. அந்தம்மா சாறுச் சொம்பைக் கையில வெச்சுக்கிட்டு அங்கயே நிக்கறாங்க.”

வாசலில் உட்கார்ந்திருந்த காளியப்பன் அதைக் கேட்டுத் தொடையில் தட்டினான். நாச்சம்மாள் சிரிக்கவில்லை.

“அவங்க ஊட்டுக்காரரு ஒருவேளை சாப்பிடலைன்னதும் கை ஓடலை பாரு,” என்றாள். “என்ற ஊட்டுக்காரரைக் கூடத்துலயே வெச்சுக் கொன்னப்ப அந்தக் கை நல்லா ஓடுச்சு.”

நிழல் சாயத் தொடங்குகையில் எதிர்வீட்டுப் படியில் பத்மாஸினி இறங்கினாள். கையில் தட்டு, தட்டில் மஞ்சள், குங்குமம், சரடு. அந்தச் சாரியிலிருந்து இந்தச் சாரிக்கு அவள் வந்ததே கிடையாது. தெருவின் நடுவே ஒருகணம் தயங்கினாள். எல்லா ஜன்னல்களிலும் முகங்கள். பிறகு நடந்துவந்து, காளியப்பன் எழுந்து ஒதுங்க, நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து பாயின் பக்கத்தில் நின்றாள். ஒரே நாளில் அவள் முகம் வாடியிருந்தது. அவளும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.

“கையை நீட்டு, நாச்சம்மா.”

நாச்சம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இங்க வேண்டாமுங்க.”

“பின்னே?”

“இங்க யாருமில்லீங்களே. நீங்க வேண்டாம்னது நாலு பேர் முன்னால. கட்டறது நாலு செவுத்துக்குள்ளயா? நீங்க தருமம் போட்ட மாதிரி ஆயிரும். எந்தப் பலகையிலருந்து எழுப்புனீங்களோ அதுல உக்கார வெச்சுக் கட்டுங்க.”

பத்மாஸினி கண்ணை மூடித் திறந்தாள். திட்டுவாள் என்றுதான் மல்லம்மா நினைத்தாள். பத்மாஸினி குனிந்து தட்டைத் தரையில் வைத்தாள். நாச்சம்மாளின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

“நடக்க முடியுமா? என் மேல சாஞ்சுக்கோ.”

சாய்ந்துதான் நடக்க வேண்டியிருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்து, முள்போல மயிர் முளைக்கத் தொடங்கியிருந்த தலை பத்மாஸினியின் தோளில் உரச, இருவரும் தெருவைக் கடந்தார்கள். பின்னால் மல்லம்மா இரண்டு தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தங்களுக்கு இதில் என்ன இடம் என்று தெரியாமல் வாசல்களுக்கு வந்து, பிறகு ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பத்மாஸினி வீட்டுக் கூடம்வரை வந்து சேர்ந்தார்கள்.

கலசம் இன்னும் நகரவில்லை. ஸரஸா கூடத்தில், கலசத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் பத்மாஸினியின் முகத்தைப் பார்த்தார்கள். பத்மாஸினி அவளிடம், “அந்தப் பலகையைப் போடு, ஸரஸா,” என்றாள். ஸரஸா போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

பத்மாஸினி சரட்டைக் கட்டினாள். போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட, மறுபடியும் போட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். வகிட்டில் வைக்கக் கையை உயர்த்தியவள், வகிடு இல்லாத தலையைப் பார்த்து நின்றாள். பிறகு வகிடு இருந்திருக்கக்கூடிய இடத்தை விரலால் தேடி, அங்கே அழுத்தி வைத்தாள்.

நாச்சம்மாள் தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினாள். நேற்றைய வெற்றிலை, ஓரம் கறுத்துச் சுருண்டிருந்தது. பத்மாஸினி முன்றானையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள்.

“தப்பு என்னோடது,” என்றாள். “நேத்திக்கு எல்லார் நடுவுலயும் பண்ணினேன். அதனால எல்லார் நடுவுலயும் சொல்றேன். பயந்துண்டு பண்ணினேன். என் ஆத்துக்காரருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம். அதுக்காக உன் ஆத்துக்காரரை இல்லேன்னு ஆக்கிட்டேன்.”

நாச்சம்மாளுக்குக் கோபம் முழுவதும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, “பயம் எனக்கும் உண்டுங்கம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

ஸரஸா பால் கொண்டுவந்து கொடுத்தாள். நாச்சம்மாள் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிப் பாதி குடித்து, கீழே வைத்தாள். வாசலில் காளியப்பன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

கதவோரம் ஒதுங்கி நின்ற பெண்களைப் பத்மாஸினி திரும்பிப் பார்த்தாள்.

“பங்கஜவல்லி, நேத்திக்குச் சிரிச்சயே, உள்ளே வா. எல்லாரும் வாங்கோ. நேத்திக்கு என் கையால சரடு கட்டிண்டேள். இன்னிக்கு இவ கையால குங்குமம் இட்டுண்டு போங்கோ.”

ஒருத்தியும் அசையவில்லை. பங்கஜவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மாஸினி குங்குமச் சிமிழை எடுத்து நாச்சம்மாளின் கையில் கொடுத்தாள். முன்றானைத் தாம்பூலத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து தன் நெற்றியை நீட்டினாள்.

“முதல்ல எனக்கு வை,” என்றாள்.